செஞ்சி சந்தையில் எத்தனை மொழி?

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் செஞ்சி ஆட்டுச் சந்தைக்குப் போனால் முதலில் காதில் விழுவது ஆடுகளின் கத்தல். அதற்கு அடுத்தபடி பேரம். பக்ரீத், தீபாவளி நெருங்கும் வாரங்களில் ஒரே நாளில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் சந்தை இது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆடு ஓட்டி வந்தவர் தமிழில் விலை சொல்வார். வேன் எடுத்துக்கொண்டு வந்த வெளியூர் வியாபாரி தன் கூட்டாளியிடம் உருதுவில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, தமிழில் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்பார். இந்த மனுஷனுக்கு உருது எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு. ஆட்டுக்காரர் சிரித்துக்கொண்டே உருதுவிலேயே 'அந்த விலைக்குக் கட்டாது பாய்' என்று பதில் சொல்லும்போதுதான் வியாபாரி முழிப்பார்.

அந்த ஆட்டுக்காரர் எந்தப் பள்ளியிலும் உருது படித்தவர் இல்லை. பல வருஷமாகச் சந்தைக்கு வந்துபோகிறார், அவ்வளவுதான்.

மொழி கற்பதைத் தனி ஆள் வேலையாகவே பலரும் நினைக்கிறார்கள். 'முப்பது நாளில் இந்தி', 'முப்பது நாளில் தெலுங்கு' என்று புத்தகம் வாங்கி, ஏழாம் நாளே பரணில் தூக்கிப் போட்ட வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். இப்போது அந்தப் புத்தகத்தின் இடத்துக்குச் செல்போன் செயலி வந்திருக்கிறது. தினம் பத்து நிமிஷம் தட்டினால் போதும், சரியான விடைக்குக் கைகூடத் தட்டும். ஆனால் அது ஆடு வாங்க வராது. பதிலுக்காக எதிரில் ஒருவர் காத்திருக்கும்போது வாயில் வரும் மொழி வேறு, யாரும் காத்திருக்காதபோது மனப்பாடம் செய்யும் மொழி வேறு.

திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இங்கே இத்தனை மொழி கேட்பது ஆச்சரியமாக இருக்காது. விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் தெலுங்கு பேசியவர்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் படை வந்தது. 1677-ல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் மொகலாயர்களிடமிருந்து தப்பி இங்கே வந்து சேர, எட்டு ஆண்டுகள் போல மராட்டிய அரசுக்கே செஞ்சிதான் தலைநகரம். 1698-ல் மொகலாயர் கைக்குப் போனது. பிறகு ஆற்காடு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

கோட்டையைப் பிடித்தவர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அவர்களோடு வந்த சமையல்காரர், குதிரை லாயத்துக்காரர், கணக்கு எழுதியவர், துணி வெளுத்தவர் பெயரெல்லாம் எங்கும் இல்லை. மொழிகளை ஒன்றோடொன்று பழகவிட்டவர்கள் இவர்கள்தான். கோட்டை வாசலில் மோர் விற்ற பெண்ணுக்கு மராத்தியில் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது மோர் கேட்டு வந்த சிப்பாய்க்குத் தமிழில் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காமல் மோர் விற்றிருக்காது.

அந்தப் பழக்கத்தின் தடயத்தை இன்றைக்கும் ஒரு குழந்தையின் வாயில் கேட்கலாம். தென்னிந்திய முஸ்லிம் வீடுகள் பலவற்றில் பேசுவது தக்கினி உருது. அந்த வீட்டுக் குழந்தையிடம் இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டால், 'நக்கோ' என்று தலையாட்டும். வேண்டாம் என்று அர்த்தம். லக்னோவில் உருது பேசுகிறவர் இப்படிச் சொல்ல மாட்டார். 'நக்கோ' மராத்தியின் 'நகோ'விலிருந்து வந்தது. தக்காணத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்ட சொல், தோசைக் கல் வரைக்கும் வந்திருக்கிறது.

தமிழும் சும்மா இருக்கவில்லை. ஊர்க்காரர்கள் 'கமிட்டி' என்று சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு, 'பாக்கி எப்போ வரும்?' என்று கேட்கும் விவசாயி, தான் பாதி அரபு பேசுவதாக நினைப்பதில்லை. பாக்கி, வசூல், அசல், ரத்து எல்லாம் அரபு வேர்ச் சொற்கள். பாரசீகத்தில் எழுதிய கச்சேரிகள் வழியாக வந்து, கடைத்தெருவில் தமிழாகிவிட்டவை. 'கமிட்டி' மட்டும் இங்கிலீஷ்.

ஊருக்கே பெருமையான தேசிங்கு ராஜன் பெயரும் இப்படி ஆனதுதான். 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி உயிர்விட்ட அந்த இளைஞரின் பெயர் தேஜ் சிங். பந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். அவர் பக்கம் நின்ற நண்பர் முஸ்லிம். கதையைப் பாடிப் பரப்பியது தமிழ். தெருவில் நின்று கேட்ட ஜனங்களின் காதுக்கும் வாய்க்கும் வசதியாகத் தேஜ் சிங் 'தேசிங்கு' ஆனார். எங்கிருந்தோ வந்தவரை ஒரு ஊர் தன் பிள்ளையாக எடுத்துக்கொள்ளும்போது முதலில் அவர் பெயரைத்தான் தன் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது.

மன்னர் காலத்து விஷயம் இருக்கட்டும். கைக்குழந்தைகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெட்ரிஷியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் உட்கார்ந்து, புத்தகம் வாசித்துக் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். மொத்தம் 12 தடவை. ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளை அந்தக் குழந்தைகள் நன்றாகப் பிரித்தறிந்தன. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, டிவியில் மட்டும். அந்தக் குழந்தைகளிடம் கற்றதற்கான அடையாளமே இல்லை.

பிள்ளை போனில் கார்ட்டூன் பார்த்தே இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் என்று நம்பி, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைக்கும் வீடுகளுக்கு இந்த ஆய்வைக் கொஞ்சம் உரக்கவே வாசித்துக் காட்டலாம்.

மொழிக்குச் சுற்றி இருக்கும் ஆட்கள்தான் உயிர் என்றால், அந்த ஆட்கள் குறையக் குறைய மொழியும் குறையும். செஞ்சி மாதிரி ஊர்களில் இப்போது நடப்பது அதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 100-க்கு ஏறத்தாழ 6 பேர். உருதுவைச் சொன்னவர்கள் 2 பேருக்கும் குறைவு. தமிழ் மண்ணில் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் இவை. தமிழைப் பற்றி இந்த வீடுகளில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம், பஸ், கிரிக்கெட், சினிமா எல்லாமே தமிழை ஊட்டிவிடும். 2006-ல் வந்த சட்டத்தின்படி பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடமும் ஆகிவிட்டது. வீட்டு மொழிக்குத்தான் வீட்டையும் தெருவையும் விட்டால் வேறு நாதி இல்லை.

அது எப்படி நழுவுகிறது என்பதைக் கவனிப்பது கஷ்டம், ஏனென்றால் சத்தமே இருக்காது. பாட்டி தெலுங்கில் கேட்பார். பேரன் தமிழில் பதில் சொல்வான். பாட்டிக்கும் தமிழ் தெரியும், பேரனுக்கும் தெலுங்கு புரியும். பேச்சு எங்கும் தடைபடாது. வீட்டில் யாருக்கும் எதுவும் தவறிப்போனதாகத் தோன்றாது. ஆனால் அந்தப் பேரன் அப்பா ஆகும்போது தன் பிள்ளையிடம் தெலுங்கில் கேட்க அவனுக்கு வாய் வராது. கேட்கத் தெரிந்த, பேசத் தெரியாத ஒரு தலைமுறை நடுவில் வந்துவிட்டால் கணக்கு அங்கேயே முடிகிறது.

பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி, பள்ளியில் இங்கிலீஷ் என்றால் பிள்ளை குழம்பிப் போய்விடும் என்பார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலந்து குழந்தை பேசினால் பதறிப் போவார்கள். கலந்து பேசுவது பல மொழிக் குழந்தைகளிடம் இயல்பாக நடப்பது. அதற்குக் குழப்பம் என்று பெயரில்லை. தாத்தாவிடம் எந்த மொழி, டீச்சரிடம் எந்த மொழி என்று மூன்று வயதுக் குழந்தையே ஆளைப் பார்த்துப் பிரித்துப் பேசும்.

உண்மையில் பிள்ளையின் வாயை அடைப்பது கேலி. இதில் சுற்றியிருப்பவர்களின் பங்கு அவ்வளவு அழகாக இல்லை. உருது வீட்டுப் பையன் தமிழில் 'அவன்', 'அது' மாற்றிச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அதே பையன் ஐதராபாத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், 'என்னடா, தமிழ் மாதிரி உருது பேசுகிறாய்?' என்று அங்கேயும் சிரிப்பு. தமிழ்நாட்டுத் தெலுங்குக்கு ஆந்திரத்தில் கிடைக்கும் மரியாதையும் இதேதான். இரண்டு பக்கமும் அடி வாங்கிய பிள்ளை, சிரிப்பு வராத மொழியில் ஒதுங்கிக்கொள்ளும். ஊர் கூடி ஒரு மொழியைக் கற்றுத் தருகிறது என்று சொன்னால், ஊர் கூடி அதை மறக்கடிக்கவும் முடியும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சொந்த ஊர்க்காரர்களோடு ஒரே கொட்டகையில் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடும் அப்பாவுக்கு, வருஷங்கள் போனாலும் 'அண்ணா', 'சாப்பாடு', 'சம்பளம்' தாண்டித் தமிழ் வருவதில்லை. தெருப் பையன்களோடு பந்து பொறுக்கப் போன மகன் ஒரே வருஷத்தில் அம்மாவுக்கு மளிகைக் கடையில் மொழிபெயர்க்கிறான். வீடு ஒன்று, மூளையும் ஏறத்தாழ ஒன்று. அவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், அப்பாவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆட்கள் சேர்ந்தால் எதையும் காப்பாற்றிவிடலாம் என்றும் சொல்லிவிட முடியாது. செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. அவர்கள் வீட்டு மொழி தமிழ். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூட நமோகார மந்திரத்தைப் பிராகிருதத்தில் பிழையில்லாமல் சொல்லும். பேசுவார் யாருமில்லாத மொழியை ஒரு சிறு சமூகம் காதுவழியே காப்பாற்றி வந்திருப்பது பெரிய விஷயம். இருந்தாலும் அந்தப் பிராகிருதத்தில் பசிக்கிறது என்று சொல்ல முடியாது. அரபு ஓதத் தெரிந்த பிள்ளைக்கும் இதே நிலைதான். சேர்ந்து ஓதினால் மொழி ஓதலில் நிலைக்கும். பேச்சில் நிலைக்க, சேர்ந்து சண்டை போட வேண்டும், சேர்ந்து சமைக்க வேண்டும்.

நியூசிலாந்தில் மவோரி மக்கள் செய்தது அதைத்தான். அங்கேயும் பாட்டிகள் மவோரி பேசினார்கள், பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். 1982-ல் 'கோஹங்கா ரேயோ' என்று தொடங்கினார்கள். மொழிக் கூடு என்று பொருள். நம்ம ஊர் பால்வாடி மாதிரி. மவோரி தெரிந்த பாட்டிகளும் தாத்தாக்களும் அங்கே வந்து, குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுவது முதல் தூங்க வைப்பது வரை எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே செய்தார்கள். பாடம் என்று தனியாக எதையும் வைக்கவில்லை. நடுவில் இருந்த, பேச மறந்த தலைமுறையைத் தாண்டி, பாட்டியையும் பேத்தியையும் நேராக இணைத்துவிட்டார்கள்.

செஞ்சியில் அப்படிக் கூடு கட்ட யாரும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் நாலு வீட்டுப் பிள்ளைகளை ஒரே திண்ணையில் விட்டு, தெலுங்கு பேசும் ஒரு பாட்டியைக் காவலுக்கு வைத்தாலே பாதி வேலை நடக்கும். மீதிப் பாதியைச் சில வீடுகள் சத்தமில்லாமல் ஆரம்பித்துவிட்டன. தெலுங்கு எழுத்து தெரியாத குடும்பங்கள் வாட்ஸ்அப் குழுவில் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதுகின்றன. 'பாக உன்னாரா?' என்று சித்தி கேட்க, 'பாக உன்னாமு' என்று திண்டிவனத்திலிருந்து ஒரு பதில் வருகிறது. அதற்குக் கீழே, எழுதச் சோம்பல்பட்டு, அவ்வா அனுப்பிய மூன்று நிமிஷ வாய்ஸ் மெசேஜ்.