பெட்டி கண் விழித்ததும் யாரைக் கேட்கிறது?

ஒரு வங்கிக்கு ஆயிரம் கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளையிலும் உள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கவும், அவற்றை வெளியுலகோடு இணைக்கவும் இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று சுவிட்ச், மற்றொன்று ரவுட்டர். சுவிட்ச் என்றதும் சுவரில் விளக்குப் போடும் பொத்தான் உங்கள் நினைவுக்கு வரலாம். இது வேறு. ஒரு கணிப்பொறி அனுப்பும் செய்தியை உரிய கணிப்பொறிக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது.

புதிதாக வாங்கிய பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. அதன் பெயர் என்ன, எந்தக் கம்பியில் யார் வருவார், யாரை உள்ளே விடலாம், யாரைத் தடுக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அமைப்புக் குறிப்பு என்று அழைப்போம். முன்பெல்லாம் ஒரு பொறியாளர் பெட்டி இருக்கும் இடத்திற்கே சென்று இக்குறிப்பை வரி வரியாகத் தட்டச்சு செய்வார். ஆயிரம் கிளைகளுக்கு ஆயிரம் பயணம்! ஓர் எண் பிசகினால் மீண்டும் ஒரு பயணம்.

இன்று பெட்டி தொழிற்சாலையிலிருந்து நேரே கிளைக்கு வந்துவிடுகிறது. அங்குள்ள எழுத்தர் மின்சாரத்தையும் கம்பியையும் செருகினால் போதும். பெட்டி தானாகவே விழித்துத் தன் குறிப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும். இதற்கு 'ஸீரோ டச்' என்று பெயர். கை படாத அமைப்பு எனலாம்.

எப்படித் தேடுகிறது? டி.எச்.சி.பி. என்றொரு பொது வழக்கம் உண்டு. இன்று புழங்கும் வடிவம் 1997-இல் வெளியானது. விழித்த பெட்டி, 'இங்கு யாரேனும் உண்டா? எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று கம்பியில் கூவுகிறது. ஒரு கணிப்பொறி, 'இதோ உன் முகவரி' என்று பதில் சொல்கிறது. கூடவே எண்ணிட்ட சில சீட்டுகளையும் தருகிறது. 66-ஆம் சீட்டில் குறிப்பு வைத்திருக்கும் கணிப்பொறியின் பெயர் இருக்கும். 67-ஆம் சீட்டில் கோப்பின் பெயர். 43-ஆம் சீட்டை மட்டும் அந்தந்தத் தயாரிப்பாளர் தம் விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று விட்டுவைத்தார்கள்.

போட்டி புகுந்த வாசல் அந்த 43-தான். 1984-இல் தொடங்கிய சிஸ்கோவின் பெட்டி அச்சீட்டில் எதிர்பார்க்கும் எழுத்து ஒரு விதம். 1996-இல் தொடங்கிய ஜூனிப்பரின் பெட்டி எதிர்பார்ப்பது வேறு விதம். 2004-இல் தொடங்கிய அரிஸ்டாவின் பெட்டி ஒரு கட்டளைத் தொகுப்பை இறக்கி அதன்படி நடக்கும். சில நிறுவனங்களின் பெட்டிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இணையத்தில் உள்ள தயாரிப்பாளரின் கணிப்பொறியையே கூப்பிட்டு, 'என்னை வாங்கியவர் யார்?' என்று விசாரிக்கின்றன.

மாணவ நண்பர்களே, நிறுவனங்கள் போட்டியிடுவது நல்லதே. எந்தப் பெட்டி வேகமானது, எது குறைந்த மின்சாரம் உண்கிறது, எது மலிவு என்று அவர்கள் மோதட்டும். ஆனால் பெட்டி பேசும் முதல் வார்த்தையில் போட்டி கூடாது என்பதே என் கருத்து. அந்த வார்த்தை ஒரு நிறுவனத்தின் சொந்த மொழியானால், ஆயிரம் கிளைகளையும் அம்மொழிக்குப் பழக்கிவிட்ட வங்கி அடுத்த முறை வேறு பெட்டி வாங்கத் தயங்கும். விலை சொல்லும் அதிகாரம் அப்போது யார் கைக்குப் போகும்?

1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பற்றி எரிந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. தண்ணீர் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். குழாய்களின் மரைதான் பொருந்தவில்லை! 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு மரை வைத்திருந்ததற்குக் கொடுத்த விலை அது.

பெட்டிகளின் உலகிலும் ஒரு தீ மூண்டது. சிஸ்கோவிடம் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்ற சொந்த முறை ஒன்று இருந்தது. தலைமைச் சுவிட்ச் ஒன்று மற்றச் சுவிட்சுகளுக்குக் குறிப்பை அனுப்பும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் கட்டளை வந்ததும், 'சொல்வது யார்?' என்று அந்தச் சுவிட்சுகள் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, பல சுவிட்சுகளில் இவ்வசதி தொழிற்சாலையிலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது. 2018 ஏப்ரலில் விஷமிகள் இதன் வழியே புகுந்து, ஈரானிலும் ரஷ்யாவிலும் சுவிட்சுகளின் குறிப்புகளை அழித்து, அவ்விடத்தில் அமெரிக்கக் கொடியை வரைந்து வைத்தார்கள். ஈரானில் மட்டும் 3,500 சுவிட்சுகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அமைச்சகம் அறிவித்தது. இதே வசதியில் இருந்த வேறொரு பிழைக்கு 2018 மார்ச்சிலேயே மருந்து வெளியாகிவிட்டது. ஆனால் அதைப் பூசாத பெட்டிகளுக்குள் அன்னிய உளவாளிகள் புகுவதாக 2025 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. எச்சரிக்க வேண்டியிருந்தது.

பொது மொழியாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டி.எச்.சி.பி. பொது மொழிதான். அதுவும் பதில் சொல்பவர் யாரென்று ஆராய்வதில்லை. ஆனால் பொது அரங்கில் எழுதப்படும் வழக்கத்தைப் போட்டியாளரும் படிக்கிறார். எதிராளியின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் அவரை விடக் கெட்டிக்காரர் யார்?

ஐ.இ.டி.எஃப். என்னும் இணையப் பொறியியல் குழு அத்தகைய அரங்கு. யாரும் கலந்துகொள்ளலாம். அதன் வெளியீடுகளை யாரும் காசின்றிப் படிக்கலாம். 2019-இல் அது 8572 என்ற எண்ணுள்ள வெளியீட்டையும், 2021-இல் 8995 என்ற எண்ணுள்ளதையும் கொண்டுவந்தது. இவற்றின்படி பெட்டிக்குத் தொழிற்சாலையிலேயே ஓர் அடையாளச் சான்று பதிக்கப்படும். 'இப்பெட்டி இன்னாருக்கு உரியது' என்று தயாரிப்பாளர் கையொப்பமிட்ட உரிமைச் சீட்டைக் காட்டும் உரிமையாளருக்கே பெட்டி பணியும். 8995-ஐ எழுதிய ஐவரில் ஒருவர் சிஸ்கோவைச் சேர்ந்தவர். இன்னொருவர் ஹுவாவெயின் அமெரிக்க ஆய்வுக் கிளையான ஃபியூச்சர்வேயைச் சேர்ந்தவர். மென்பொருளைத் திருடியதாக 2003-இல் ஹுவாவெய் மீது சிஸ்கோ வழக்குத் தொடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்! போட்டியாளர் கூடி எழுத முடியாது என்பவர்களுக்கு இதுவே பதில்.

நிறுவனங்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1997-க்கும் 2019-க்கும் இடையே 22 ஆண்டுகள். கிளை திறக்கப்போகும் வங்கி அத்தனை நாள் காத்திருக்குமா? பொதுக் குழுக்கள் மெதுவாக நடந்தபோது, ஓடிக் காட்டியவர்கள் இந்த நிறுவனங்களே. ஆயினும் வழக்கம் வெளியான பின்னும் சொந்த முறையே போதும் என்றிருப்பதை ஏற்கலாகாது. அதை அவர்களாக விட மாட்டார்கள். வங்கிகளும் அரசுகளும் பெட்டி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, '8572 அல்லது 8995 தெரிந்த பெட்டிதான் வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் விடுவார்கள்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. உரிமைச் சீட்டில் கையொப்பமிடுபவர் தயாரிப்பாளர்தானே? அவர் கடையை மூடிவிட்டால் என்ன செய்வது? பழைய பெட்டியை வேறொருவருக்கு விற்க விரும்பினால் யாரிடம் போவது? நிறுவனங்கள் கைமாறுவது புதிதல்ல. ஜூனிப்பரே 2025 ஜூலையில் எச்.பி.இ. நிறுவனத்தின் வசமாகிவிட்டது. தயாரிப்பாளர் மறைந்துபோனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி 8995 வெளியீட்டில் ஒரு தனிப் பகுதியே உண்டு. காலாவதியாகாத சீட்டுகளை முன்கூட்டியே வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. பெட்டிக்குப் பணம் கொடுக்கும் அன்றே அதையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.