சாதம் கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும்!

வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும், மறுநாளே சமையலறையில் ஒரு விசாரணை ஆரம்பமாகிவிடும். முதல் குற்றவாளி சர்க்கரை டப்பா. அடுத்தது உருளைக்கிழங்கு. பிறகு அரிசி. அதோடு நின்றாலும் பரவாயில்லை. "மாவுச் சத்தைக் குறை, மாவுச் சத்தைக் குறை" என்ற உபதேசம்தான் இப்போது நாலா பக்கத்திலிருந்தும் வருகிறதே! வீட்டில் யாராவது ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு பருப்புப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பார். "ஐயையோ! 100 கிராமில் 60 கிராம் மாவுச் சத்தாம்!" என்று அலறுவார். அன்றோடு பருப்புக்கும் தடை உத்தரவு!

பக்கத்து வீட்டிலோ இதற்கு நேர் எதிர். "பருப்பு புரதச் சத்துதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று, வழக்கமான சாதத்துக்கு மேல் இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பு. தொட்டுக் கொள்ள நாலு மசால் வடை!

இரண்டு வீட்டாருக்கும் பருப்பு மட்டும்தான் கண்ணில் படுகிறது. பக்கத்தில் மலை போல் குவிந்திருக்கும் சாதம் படுவதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? பயப்பட வேண்டாம், மளிகைக் கணக்கை விடச் சுலபம்தான். பொட்டலத்தில் போட்டிருப்பது உலர்ந்த பருப்பின் கணக்கு. உலர்ந்த பருப்பை யாரும் மென்று தின்பதில்லை. வேகும்போது அது தண்ணீரைக் குடித்து இரண்டு, இரண்டரை மடங்கு எடையாகிவிடுகிறது. ஐந்து பேருக்குச் சாம்பார் வைக்க நாம் போடுவது 100 கிராம் துவரம் பருப்பு. தலைக்கு 20 கிராம்தான். அதில் மாவுச் சத்து ஏறக்குறைய 12 கிராம். அந்தச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிடும் சாதமோ, ஒரு ஆளுக்கு 100 கிராம் அரிசி. அதில் மட்டும் 78 கிராம் மாவுச் சத்து! இப்போது சொல்லுங்கள், விசாரணைக் கூண்டில் நிற்க வேண்டியது யார்?

இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அரிசியைப் பாதியாக்கி 50 கிராம். பருப்பைக் கூட்டி 50 கிராம். மொத்த மாவுச் சத்து 90-லிருந்து 70 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. புரதமோ 12 கிராமிலிருந்து 15 கிராமுக்கு ஏறுகிறது. வயிறும் நிறைகிறது. ஆகவே, பருப்பைச் சாதத்தோடு சேர்ப்பது வேறு. சாதத்தின் இடத்தில் சேர்ப்பது வேறு. நன்மை இரண்டாவதில்தான்.

அளவு குறைவது மட்டுமல்ல. பருப்பில் இருக்கும் மாவுச் சத்தின் குணமே கொஞ்சம் நிதானம். நாரும் புரதமும் அதைக் கட்டிப் பிடித்துக் கொண்டிருப்பதால் அது மெள்ள மெள்ளத்தான் ஜீரணமாகிறது; ரத்தத்தில் சர்க்கரையும் மெள்ளத்தான் ஏறுகிறது. 1981-ஆம் வருஷம் டேவிட் ஜென்கின்ஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 62 உணவுப் பொருள்களைச் சோதித்து, எது எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று மதிப்பெண் போட்டார்கள். குளுக்கோஸுக்கு 100 என்றால், உலர்ந்த பயறு வகைகளுக்குக் கிடைத்த சராசரி 31-தான். பரீட்சையில் குறைந்த மார்க்கு வாங்கியதற்காக நாம் சந்தோஷப்படக் கூடிய இடம் இது ஒன்றுதான்!

அதே ஜென்கின்ஸ் குழுவினர் நீரிழிவு உள்ள 121 பேரை வைத்து நடத்திய இன்னொரு சோதனை 2012-ல் வெளியாயிற்று. ஒரு சாரார் மூன்று மாதம் தினம் ஒரு கிண்ணம் வெந்த பயறு சாப்பிட்டார்கள். மற்றவர்கள் தவிடு நீக்காத கோதுமைப் பண்டங்கள் சாப்பிட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் பயறு சாப்பிட்டவர்களுக்கு 0.5 இறங்கியது, மற்றவர்களுக்கு 0.3. மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஆனாலும் சுண்டலுக்கு இது நல்ல சர்ட்டிபிகேட் அல்லவா?

சரி, அடுப்படிக்கு வருவோம். எந்தப் பருப்பு உசத்தி என்று தேடி அலைய வேண்டாம். எப்படிச் சமைக்கிறோம் என்பதுதான் விசேஷம். முழுசாக இருக்கும் பயறு மிக நிதானம். உடைத்த பருப்பு அடுத்தபடி. மாவாக அரைத்தது இன்னும் கொஞ்சம் வேகம். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, காராமணி, மொச்சை, கொள்ளு, எல்லாம் சுண்டலாகவே தட்டில் வரட்டும். நவராத்திரி வரும் வரை காத்திருப்பானேன்? மாலை நாலு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் கையில் ஒரு கிண்ணம் சுண்டலைக் கொடுத்துப் பாருங்கள்.

கொத்தவரங்காய், பீன்ஸ், வாழைப்பூ இவற்றில் பருப்புசிலி செய்கிறோமே, அதைத் தொட்டுக் கொள்ளும் பதார்த்தமாக ஒரு ஓரத்தில் வைக்காமல், இலையின் நடுவிலே வையுங்கள். கீரைக் கூட்டைக் கெட்டியாகச் செய்து, சாதத்தை அதற்குத் தொட்டுக் கொள்ளுங்கள்! அடைக்கு இரண்டு பங்கு அரிசியும் ஒரு பங்கு பருப்பும் நனைப்பவர்கள், ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு பருப்பாக மாற்றி, கரகரவென்று அரைக்கலாம். ஆந்திரத்துப் பெசரட்டு முழுப் பாசிப்பயறில் செய்வது. அதையும் வாரம் ஒரு நாள் வரவேற்கலாம். "இட்லியில் உளுந்து இருக்கிறதே!" என்று மட்டும் யாரும் வாதாட வர வேண்டாம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அந்த உளுந்தால் ஆறு இட்லியைக் காப்பாற்ற முடியாது. பஜ்ஜி, போண்டா, வடை, அப்பளம் இவையும் பருப்பு ஜாதிதான். ஆனால் எண்ணெயும் உப்பும் கூடிக் கெடுத்த ஜாதி.

மாவுச் சத்தை மிகவும் கண்டிப்பாகக் குறைத்திருப்பவர்கள், ஒரு கிண்ணம் வெந்த பருப்பிலேயே சுமார் 40 கிராம் போய்விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதில் ஒரு பங்கு நார்தான் என்றாலும், அவர்களுக்கு அரைக் கிண்ணமே போதும். சோயா, நிலக்கடலை இரண்டிலும் மாவுச் சத்து குறைவு. ஆனால் முட்டை, மீன் தொடாத வீடுகளில் பருப்பை அடியோடு நிறுத்தினால், புரதத்துக்கு எங்கே போவது?

சில எச்சரிக்கைகள். இன்சுலின் போட்டுக் கொள்பவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் திடீரென்று சாதத்தைப் பாதியாக்கினால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடும், மயக்கமே வரலாம். டாக்டரிடம் சொல்லி மருந்தைச் சரி செய்து கொண்ட பிறகே தட்டை மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பின் அளவை டாக்டர்தான் நிர்ணயிக்க வேண்டும். வாயுத் தொல்லைக்குப் பயப்படுகிறவர்கள் பயற்றை இரவே ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேக விடட்டும். சிறிது சிறிதாக அளவைக் கூட்டட்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிடு முன்பும் இரண்டு மணி கழித்தும் பாருங்கள். யாருக்கு எது ஒத்துக் கொள்கிறது என்பதை அந்தச் சின்னப் பெட்டி முகதாட்சணியம் பாராமல் சொல்லிவிடும்.

முக்கியமான ஒரு சங்கதி பாக்கி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது அது. அதில் பெண்களும் ஏராளம். பல வீடுகளில் என்ன நடக்கிறது? வீட்டுக்காரருக்கு அளந்த சாதம், கிண்ணம் நிறையக் கூட்டு. குழந்தைகளுக்குச் சுண்டல். எல்லாரும் எழுந்து போன பிறகு அம்மா தட்டுப் போட்டுக் கொண்டு உட்காரும்போது பாத்திரத்தில் மீதி இருப்பது சாதமும் ரசமும்தான். "வீணாகப் போகிறதே" என்று அவ்வளவையும் அவளே போட்டுக் கொள்கிறாள். அவளுக்கும் சர்க்கரை இருக்கலாம். இருப்பது தெரியாமலே கூட இருக்கலாம்.

ஆகையால் சகோதரிகளே, அடுத்த முறை கூட்டு இறக்கியதும், பரிமாறுவதற்கு முன்பே உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். யாரும் ஒன்றும் நினைத்துக் கொள்ள மாட்டார்கள். நினைத்துக் கொண்டால்தான் என்ன? கரண்டி உங்கள் கையில்தானே இருக்கிறது!