பிள்ளையைக் கூத்துப் பார்க்க விடுங்கள்

மாசி பிறந்தால் மாத்தளையில், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் எல்கடுவப் பக்கத்திலும், இரவில் காமன் கூத்துத் தப்புச் சத்தம் கேட்கும். நாலாம் தரம் படிக்கிற பிள்ளை பேனையை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கும். "அம்மா, காமன் ஊன்றிட்டாங்களா?" நாம் என்ன சொல்கிறோம்? "அது கெடக்கட்டும், நீ பாஸ்ட் பேப்பரை முடி." அதோடு ஜன்னலையும் சாத்திவிடுகிறோம்.

நல்ல எண்ணத்தில்தான் சாத்துகிறோம். கொழுந்துக் கூடையும் ரப்பர் வாளியும் நம்மோடு போகட்டும், பிள்ளை படித்து வெளியே போகட்டும் என்பதுதான் நம் எல்லாருடைய நினைப்பும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அதற்கு முதல் கதவு என்று நம்புகிறோம். அதனால் மூன்றாம் தரத்திலேயே டியூஷன், சனியும் ஞாயிறும் வகுப்பு. பத்து வயதுப் பரீட்சைக்கு எட்டு வயதில் தொடங்கும் ஓட்டம். ஆனால், அந்த ஓட்டத்தில் ஒரு முழுக் கதையை, தொடக்கம் முதல் முடிவு வரை, யாரோ வாய்விட்டுப் பாடக் கேட்கும் ஓர் இரவு கூடவா இடைஞ்சல்?

மேல்நாட்டில் ஒப்பரா என்று ஒன்று இருக்கிறது. கதை முழுவதையும் பாட்டிலேயே நடத்துவது. பெரியவர்களுக்கே பொறுமை வேண்டிய கலை என்று பெயர். அதற்குச் சின்னப் பிள்ளைகளை எப்படிப் பழக்குகிறார்கள் தெரியுமா? ஜெர்மனியில் அடெல்ஹைட் வெட்டே என்று ஒரு தாய். தன் பிள்ளைகள் வீட்டில் நடித்து விளையாட, ஹேன்சல், கிரேட்டல் என்ற அண்ணன் தங்கை கதைக்குச் சில பாட்டுகளுக்கு மெட்டுப்போட்டுத் தரச் சொல்லித் தன் அண்ணன் ஹம்பர்டிங்கிடம் கேட்டாள். வீட்டு விளையாட்டுக்குப் போட்ட அந்த மெட்டுகள் வளர்ந்து முழு ஒப்பராவாகி, 1893 டிசம்பர் 23 அன்று வைமார் நகரில் மேடையேறின. இன்றைக்கும் நத்தார்க் காலத்தில் அந்த நாட்டுப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகப் பார்க்கிற ஒப்பரா அதுதான். போட்டிக்காகவோ சான்றிதழுக்காகவோ பிறந்ததல்ல. பிள்ளைகள் விளையாடப் பிறந்தது.

அந்தக் கதையைப் பெற்றோர்களான நாம் ஒருமுறை கேட்கவேண்டும். விளக்குமாறு கட்டிப் பிழைக்கிற ஏழைக் குடும்பம். பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தாய் வருகிறாள், கோபத்தில் அடிக்க ஓங்குகிறாள், அந்த வீச்சில் பால் குவளை தட்டுப்பட்டு உடைகிறது. இராச் சாப்பாட்டுக்கு இருந்தது அந்தப் பால் மட்டும்தான். "காட்டுக்குப் போய்ப் பழம் பறித்துக்கொண்டு வாருங்கள்" என்று விரட்டிவிடுகிறாள். அங்கேதான் சூனியக்காரி இருக்கிறாள். கிரிம் சகோதரர்கள் எழுதிவைத்த மூலக்கதையில் பஞ்சம் தாங்காமல் தாயும் தகப்பனுமே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவார்கள். வெட்டே தன் பாட்டுக்கதையில் அதை மாற்றிவிட்டாள். அவளுடைய தாய் கெட்டவள் அல்ல. களைத்துப்போனவள், கையில் காசில்லாதவள், பிள்ளை ஆடுவதைப் பார்த்தால் வீணாய்ப் போகிறதே என்று பதறுகிறவள். நம் வீட்டுச் சாயல் தெரியவில்லையா?

மாத்தளைப் பிள்ளைக்கு ஒப்பரா காட்ட வைமாருக்குப் போகவேண்டாம். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, வடபாதையில் காடு கடந்து நடந்து, வழியில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள் நம் பாட்டன்மார். அவர்கள் தலைச்சுமையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கூத்து மனப்பாடமாக வந்தது. மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றி, ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் பாடி, சிவன் தவத்தைக் கலைக்கப் போகும் கணவனை "போகாதே" என்று ரதி மறித்துப் பாடி, நெற்றிக்கண் திறந்து அவன் எரிந்து, ரதி ஒப்பாரி வைத்து, கடைசியில் அவன் எழும்பி வருகிற காமன் கூத்து. எல்லாம் பாட்டு. அந்தக் காலத்தில் மைக்கும் கிடையாது. தப்புக்கும் மேலே எழும்பி, பொட்டலின் கடைசி வரிசை வரைக்கும் போகவேண்டியது வெறுங்குரல். ஒப்பராப் பாடகரும் இப்படித்தான், நிறைந்த வாத்தியக்குழுவைத் தாண்டி மைக் இல்லாமல் பாடுகிறார். ஹேன்சல் என்ற பையனாக அங்கே பாடுவது ஒரு பெண். ரதியாக இங்கே வேஷம் கட்டிவந்தது மீசை மழித்த ஆண். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துச் சிரிக்கிற சிரிப்பு தனி ரகம்.

இதையெல்லாம் "தோட்டத்துச் சங்கதி" என்று ஒதுக்கியது யார்? டவுனுக்குக் குடிவந்த நாம்தான். அதே மாசியில் முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரதம் வரும்போது பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறோம், பலூன் வாங்கிக் கொடுக்கிறோம். காமன் பொட்டலுக்குப் போக மட்டும் கௌரவம் குறுக்கே நிற்கிறது.

நர்சரிக் கலைவிழாவை நினைத்துப் பாருங்கள். நாலு வயதுப் பிள்ளை, கன்னத்தில் சிவப்பு, வாடகை உடுப்பு இடுப்பில் ஊசி குத்திக் கழன்று விழுகிறது. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. பிள்ளை அழுவதா ஆடுவதா என்று தெரியாமல் நிற்க, முன்வரிசையில் அம்மா கையைக் காட்டி, "ஆடு, ஆடு" என்று தானே ஆடுகிறாள். பின்னால் அத்தனை அப்பாமாரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அந்த மண்டபத்தில் அன்றைக்குப் பாடியது யார்? ஒருவருமில்லை. கேட்டது யார்?

கேட்டுப் பழகாத பிள்ளையை மேடையில் ஏற்றுகிறோம். ஈழத்தில் இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' எழுதினார். மௌனகுரு 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குப் பாடி ஆடுவதற்கான நாடகங்கள் அவை. சிங்களத்தில் பிரேமசிறி கேமதாச ஒப்பராவே படைத்தார். நம் பள்ளிக்கூடங்களில் தமிழ்ச் சிறுவர் நாடகங்கள் தமிழ்த்தினப் போட்டி வரும்போது மட்டும் தூசி தட்டப்படுகின்றன. முதலாமிடம் வந்தால் படம் எடுப்போம். வராவிட்டால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிள்ளைக்குப் பேச்சு.

இன்னொன்றும் சொல்வோம்: "நெற்றிக்கண்ணு, நெருப்பு, ஒப்பாரி... பிள்ள பயந்துரும்." சோறு ஊட்டும்போது அதே பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, அதில் ஓடுகிற அடிதடியை நாம் பார்ப்பதுகூட இல்லை. கூத்தில் வரும் பயத்துக்கு ஒரு காவல் இருக்கிறது. மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை பயப்படுகிறது. எரிந்தவன் எழும்பி வருவான் என்பதும் அதற்குத் தெரியும். தெரியாவிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதை தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்று பெரியவர்கள்தான் நினைக்கிறோம். பிள்ளை தெரிந்த கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும்.

ஆகவே போகும் முன்பு இரண்டு மூன்று இரவு வீட்டில் கதையைச் சொல்லுங்கள். அம்மாயிக்கு ரதி ஒப்பாரியில் நாலு வரியாவது தெரிந்திருக்கும், பாடச் சொல்லுங்கள். விடிய விடிய உட்காரவேண்டும் என்றில்லை, முன்னிரவில் ஒரு மணி நேரம் போதும். தூங்கினால் தூங்கட்டும், பாதித் தூக்கத்தில் காதில் விழுகிற பாட்டும் பாட்டுத்தான். திரும்பி வரும்போது, தயவுசெய்து, "இந்தக் கதையால நீ என்ன படிச்சுக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். அதுவும் ஒரு வினாத்தாள்தான். சும்மா நடந்து வாருங்கள். பிள்ளை தானாகக் கேட்கும்: ரதி ஏன் அவனைக் கட்டிப்போடவில்லை? சிவனுக்கு ஏன் அவ்வளவு கோபம்? பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்.

எனக்கு உள்ள ஒரே பயம், நாம் இதையும் பிடித்துக்கொண்டு, "கூத்து வகுப்பு, ஆறு மாதம், சான்றிதழ் உண்டு" என்று பலகை மாட்டிவிடுவோம் என்பதுதான். நம் பழக்கம் அப்படி. இந்த மாசிக்கு அதெல்லாம் வேண்டாம். உங்கள் தோட்டத்தில் கம்பம் எப்போது ஊன்றுகிறார்கள் என்று கூத்து மாஸ்டரிடம் கேட்டு, டியூஷன் நாட்கள் குறித்த அதே கலண்டரில் அந்த நாளையும் குறித்துவையுங்கள். மறுநாள் வகுப்புக்குப் போகாத காரணத்தை சேர் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லத் தேவையில்லை. இராத்திரி கூத்துப் பார்க்கப் போனோம் என்றே சொல்லலாம்.