275 ரூபாய் காப்பீடும் இயற்கை மரணமும்

டிஸ்கி: இது இன்சூரன்ஸ் விளம்பரம் இல்லை. எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும் கூட.

எங்கள் வகுப்பில் மூன்று பேர் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அதில் ஒருத்தன் போன மாதம் கேன்டீனில் வைத்து, "நீதான் சினிமா, கிரிக்கெட், கரும்பு விலைன்னு கண்டதையும் எழுதுறியே, வெளிநாடு போறவன் எந்த டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கணும்னு உருப்படியா ஒண்ணு எழுதேன்டா" என்றான். உருப்படியா என்ற வார்த்தை உறைத்தது. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பாலிசிகளை ஒப்பிட ஆரம்பித்தேன்.

முதலில் நண்பனுக்கான பதில். ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் வயசு, நாடு, எத்தனை நாள் என்று மூணு கட்டம் நிரப்பினால் வரிசையாகப் பாலிசிகள் வந்து நிற்கும். விலை குறைந்ததை அப்படியே அமுக்கி வாங்காதே. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும், ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். படிக்கப் போகிறவனுக்கு அங்கே மாணவர் மருத்துவக் காப்பீட்டில் சேரும் நாள் வரை பயணக் காப்பீடு வேண்டும். பில்லில் முதல் 50 டாலரோ 100 டாலரோ நீயே கட்டு என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பார். ஏற்கெனவே வீசிங், சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுது, மறைத்தால் கிளெய்ம் அன்றைக்கு மாட்டுவாய். குடித்துவிட்டு விழுந்தால் பெரும்பாலான பாலிசிகளில் பத்து பைசா வராது. (கள்ளக்குறிச்சிக்காரனுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன. 2024 ஜூனில் நாங்கள் பார்த்தது போதும்.) அவ்வளவுதான் மச்சி, விசா வாங்கிக்கொண்டு கிளம்பு.

பதிவை இங்கேயே முடித்திருப்பேன். முடிக்க விடாமல் செய்தது அதே வாரம் கல்வராயன் மலைக்குப் போய் வந்தது.

எங்கள் வகுப்பில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வரும் நண்பன் ஒருவன் உண்டு. மலையாளி சமூகத்துப் பையன். (கேரளாவா என்று கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டே அவன் அலுத்துவிட்டான். மலையை ஆளும் மக்கள் என்று பொருள் சொல்வார்கள்.) அவனுடைய அண்ணன் வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறார். வழியனுப்பப் போயிருந்தேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி பஸ் மலையேறும்போது செல்போனில் டவர் ஒவ்வொரு கோடாகக் குறையும், அது ஒரு தனி சுகம். மலையிலிருந்து பிழைப்புக்கு வெளியே போவது புதுசு இல்லை. திருப்பூர் போவார்கள், கேரளத் தோட்டங்களுக்குப் போவார்கள். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. அங்கிருந்து விமானம் ஏறுவதுதான் புதுசு.

அண்ணன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக் காட்டினார். பாஸ்போர்ட், விசா பிரதி, ஒப்பந்தம், டிக்கெட். கடைசியில் நாலாக மடித்த ஒரு ஆங்கிலத் தாள். "இது என்னண்ணா?" என்றேன். "ஏஜென்ட் குடுத்த ரசீதுப்பா" என்றார். விரித்துப் படித்தால், அது இன்சூரன்ஸ் பாலிசி! அவர் பெயரில், அவர் உயிருக்கு, 10 லட்சம். அதை ரசீது என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் கடல் தாண்டப் போகிறார்.

அந்தத் தாளின் பெயர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. மத்திய அரசு 2003 டிசம்பரில் கொண்டுவந்த திட்டம். பத்தாவது பாஸ் செய்யாதவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது ஈசிஆர் பாஸ்போர்ட், அதாவது குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்தக் காப்பீடு கட்டாயம். பிரீமியம் இரண்டு வருசத்துக்கு 275 ரூபாய், மூன்று வருசத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவு மொத்தம் 1 லட்சம், ஒரு தடவை படுத்தால் 50 ஆயிரம் வரை. 2017இல் சில நல்ல மாற்றங்கள் வந்தன. முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும், ஆன்லைனில் புதுப்பிக்கலாம். இல்லாததற்கு இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை.

ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நாள் பாரிஸைச் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு மருத்துவக் காப்பு குறைந்தது 30,000 யூரோ, நம் பணத்தில் 25 லட்சத்தைத் தாண்டும். இரண்டு வருசம் சாரத்தில் ஏறி நிற்கப் போகிறவருக்கு 1 லட்சம். இன்னொரு வேடிக்கை, இதே அண்ணன் ஊரிலேயே இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அதாவது வெள்ளிமலையில் அவர் நெஞ்சு வலித்தால் 5 லட்சம், வெளிநாட்டில் வலித்தால் 50 ஆயிரம். எந்தக் கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு இது?

அது கூடப் பரவாயில்லை. எனக்குத் தூக்கம் போனது "விபத்து" என்ற ஒற்றைச் சொல்லில்தான்.

10 லட்சம் விபத்து மரணத்துக்கு மட்டும். வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஆட்கள் பெரும்பாலும் எப்படிச் சாகிறார்கள்? 2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் கத்தார் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. உலகக் கோப்பை அந்த நாட்டுக்கு என்று முடிவான 2010க்குப் பிறகு அங்கே இறந்த தெற்காசியத் தொழிலாளர்கள் 6,500க்கும் மேல் என்றது. அதில் இந்தியா, நேபாளம், வங்கதேசத்துக்காரர்களின் சாவுகளில் 69 விழுக்காடு "இயற்கை மரணம்" என்று பதிவாகியிருந்தது. பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை கிடையாது. இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அட, செத்தால் இதயம் நிற்கத்தானே செய்யும்! ஏன் நின்றது என்பதுதானே கேள்வி?

மருத்துவச் சோதனையில் தேறினால்தான் விசா. அப்படித் தேறிப் போனவர் வெயிலில் எட்டு பத்து மணி நேரம் கம்பி கட்டிவிட்டு, ராத்திரி கேம்ப் கட்டிலில் படுத்து, காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் அது இயற்கையாம். எந்த இயற்கை? சாரத்திலிருந்து விழுந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம், விழாமல் இறங்கி வந்து படுக்கையில் செத்தால் ஒன்றுமில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவர, வழியற்ற குடும்பங்களுக்குத் தூதரகம் 2009இல் தொடங்கிய நலநிதியிலிருந்து உதவுகிறது. சரி. உடல் வந்த பிறகு அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும்?

2024 ஜூன் 12ஆம் தேதி குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து 45 இந்தியர்கள் இறந்தார்கள், அதில் 7 பேர் தமிழ்நாடு. விமானப் படை விமானத்தில் உடல்கள் வந்தன, அமைச்சர்கள் நின்றார்கள், நிவாரணம் அறிவித்தார்கள். ஒரே ராத்திரியில் 45 பேர் போனால் நாடு திரும்பிப் பார்க்கிறது. ஒவ்வொரு கேம்ப்பிலும் ஒவ்வொருத்தராகப் போனால் ஊர்க்கோடியில் ஒரு பந்தல் போடுவதோடு சரி. நிவாரணம் என்பது அவர்கள் மனசு வைத்துத் தருவது. பாலிசி கேட்டு வாங்குவது. அந்தப் பாலிசியில் தொழிலாளி எதனால் அதிகம் சாகிறானோ அதையே விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. நண்பனின் அண்ணன் ஒன்பதாவதோடு நின்றவர், அதனால் இந்தக் காப்பீடு அவருக்குக் கட்டாயம். அவரோடு அதே விமானத்தில், அதே வேலைக்குப் போகிற சங்கராபுரத்துக்காரர் பன்னிரண்டாவது பாஸ். அவர் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டாம், ஆகவே காப்பீடும் கட்டாயமில்லை, ஏஜென்ட்டும் சொல்லவில்லை, அவரும் எடுக்கவில்லை. பத்தாவது பாஸ் ஆனதற்குப் பரிசு! கம்பிக்கும் கல்லுக்கும் மார்க் ஷீட் பார்க்கத் தெரியுமா? விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் கதை இதைவிட மோசம். அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

நம் பக்கத்து ஆட்கள் அதிகம் போகும் சிங்கப்பூர் அந்த 18 நாடுகள் பட்டியலிலேயே இல்லை. ஆனால் அந்த ஊர் அரசாங்கம் என்ன செய்திருக்கிறது தெரியுமா? வொர்க் பெர்மிட்டில் வரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளிதான் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். அந்தக் காப்பு முன்பு வருசத்துக்குக் குறைந்தது 15,000 வெள்ளி, 2023 ஜூலை 1 முதல் 60,000 வெள்ளி. நாலு மடங்கு. அந்நிய நாட்டான் நம் ஆளுக்குக் கேட்டு வாங்கித் தருகிறான். (சிங்கப்பூர் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றிப் போவது அங்கே இன்னும் நடக்கிறது.)

இதைச் சொன்னால் இரண்டு பதில் வரும். ஒன்று, "கம்பெனி இன்சூரன்ஸ் போடுதே". போடுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 ஜனவரி முதல் தனியார் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம் ஆகிவிட்டது, வரவேற்கிறேன். ஆனால் அது அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பணம், கல்வராயன் மலைக்கு வருகிற பணம் இல்லை. வேலை போனால் அதுவும் நிலைக்காது.

இரண்டாவது, "275 ரூபாய்க்கு யானையா கேட்கிறாய்?" யானை வேண்டாம் சாமி. உங்கள் ஊர் வங்கியில் பிரதமர் ஜீவன் ஜோதி என்று ஒரு ஆயுள் காப்பீடு இருக்கிறது. வருசம் 436 ரூபாய். எப்படிச் செத்தாலும், நெஞ்சுவலியோ காய்ச்சலோ, குடும்பத்துக்கு 2 லட்சம். 18 வயசிலிருந்து 50 வரை சேரலாம். வெளிநாட்டில் இருப்பவர்களும் இந்தியாவில் கணக்கு இருந்தால் சேரலாம். ஊரில் உட்கார்ந்திருப்பவனின் இயற்கை மரணத்துக்கு இந்த விலையில் பணம் தர முடிகிற அரசுக்கு, அந்நியச் செலாவணி அனுப்புகிறவனின் இயற்கை மரணம் மட்டும் ஏன் கசக்கிறது? பிரீமியத்தை ஆயிரம் ரூபாய் ஆக்குங்கள். ஏஜென்ட் கூலி 30 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கும்போதே லட்சங்களைக் கொடுத்துப் போகிறார்கள், அதில் ஆயிரம் பெரிசா? இல்லை, சிங்கப்பூர் மாதிரி முதலாளி தலையில் கட்டுங்கள். எல்லாப் பாஸ்போர்ட்டுக்கும் கட்டாயம் ஆக்குங்கள். பாலிசியைத் தமிழில் கொடுங்கள். தமிழில் வந்திருந்தால் அண்ணன் அதை ரசீது என்று நினைத்திருப்பாரா?

அது நடக்கும் வரை, உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ யாராவது கிளம்பினால் அந்த ஃபைலை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். பாலிசி நம்பர், முடியும் தேதி, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தாளின் நகல் வீட்டில் இருக்க வேண்டும், பெட்டியோடு பறந்துவிடக் கூடாது. இரண்டு வருசம் முடிந்தும் அங்கேயே இருந்தால் புதுப்பிக்க வேண்டும், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பாஸ்போர்ட் படித்தவர் பாஸ்போர்ட்டாக இருந்தால் தனியாக ஒரு விபத்துப் பாலிசியாவது எடுக்கச் சொல்லுங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்து, அங்கே என்ன காப்பீடு இருக்கிறது என்றும் கேளுங்கள்.

நான் அன்றைக்கு அந்தத் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, படம் எடுத்து அண்ணி செல்போனில் போட்டுக் கொடுத்தேன். அண்ணி மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். "விபத்துன்னு போட்டிருக்கே தம்பி, இவங்க அப்பா தூக்கத்துல போனாங்களே, அந்த மாதிரின்னா?" என்றார். இதில் இல்லை அண்ணி என்றேன். அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். 436 ரூபாய் பாரத்தில் நாமினி கட்டத்தில் அண்ணி பெயரை அண்ணனே எழுதினார். சேர்ந்த முதல் 30 நாளுக்கு விபத்துக்கு மட்டும்தான் பணம் என்று காசாளர் சொன்னார். வருசா வருசம் மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கட்டும் என்றும் சொன்னார். விமானம் 19ஆம் நாள். மீதி 11 நாளை விரல் விட்டு எண்ணியது அண்ணிதான்.