ஈரத் துணியும் தஞ்சாவூர் ஓவியமும்

ஆயுத பூசை நெருங்கினால் சுவரில் உள்ள சுவாமி படங்கள் யாவும் கீழே இறங்கும். ஈரத் துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு மீண்டும் மாட்டுவது வழக்கம். அச்சுப் படம் பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர் ஓவியத்துக்கு மாற்று ஏது?

பலகையின் மேல் ஒட்டிய துணியில் தீட்டப்படுவது அவ்வோவியம். சுண்ணத்தூளையும் பசையையும் குழைத்துப் புடைப்பாக வேலை செய்து, கற்கள் பதித்து, பொன் தகடு ஒட்டுவர். அந்தப் பூச்சு நீர் பட்டால் இளகும். கண்ணாடியில் வழியும் நீர் சட்டத்தின் அடியில் தங்கினால், வெண்ணெய்க் கிருஷ்ணனின் பாதத்துப் பொன்தான் முதலில் உதிரும். உதிர்ந்ததை வீட்டிலுள்ள பசையால் ஒட்ட முயல்வது அதனினும் கேடு. கைதேர்ந்த ஓவியரிடம் காட்டுவதே முறை.

கண்ணாடியைத் துடைக்க உலர்ந்த மென்துணி போதும். பொட்டைச் சட்டத்தின் மேற்புறத்தில் இடலாம். குளியலறையை ஒட்டிய சுவரும் மழையில் ஊறும் சுவரும் ஆகா. பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலவும். பலகை கனமானது, ஒற்றை ஆணியை நம்புதல் கூடாது. விளக்கை நேர் கீழே வைத்தால் புகையும் வெப்பமும் படத்தின் மேலேயே ஏறும்; சற்று முன்தள்ளி வைத்தல் நலம்.

பலரும் நிலைப்படிக்கு மேலே படத்தை மாட்டிவிடுகின்றனர். முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து பாராயணம் செய்யும் முதியவருக்கு, அங்கே தெரிவதெல்லாம் கண்ணாடியில் பளிச்சிடும் மின்விளக்கு மட்டுமே. அவரை முதலில் அமரச் செய்து, அவர் பார்வை செல்லும் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்ட பின்பே ஆணி அடிக்க வேண்டும்.