ஏட்டை வாங்கிய கரங்கள்



நாசரேத்து ஊர்த் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் இயேசு இறைவாக்கினர் எசாயாவின் சுருளேட்டை வாசித்த நிகழ்வை நாம் யாவரும் அறிவோம். வாசித்து முடித்ததும் அதனைச் சுருட்டி, அங்கிருந்த ஏவலரின் கையில் கொடுத்துவிட்டு அவர் அமர்ந்தார் என லூக்கா நற்செய்தி (4:20) குறிப்பிடுகின்றது. அந்த ஏவலர் யார்? அவருடைய பெயர் என்ன? நற்செய்தியாளர் கூறவில்லை. ஆயினும் ஏட்டைப் பேணி, உரிய வேளையில் எடுத்துக் கொடுத்து, மீண்டும் வாங்கி வைக்க இரு கரங்கள் அங்கே காத்திருந்தன.

இவ்வாறு பெயர் வெளியே தெரியாத பணியாளர்கள் பலரின் தோள்களிலேயே யூத சபைகளின் வாழ்வு இன்றும் தங்கியிருக்கின்றது. அவர்களை அச்சபைகள் எவ்வாறு மதிக்கின்றன என்பதைச் சற்றுச் சிந்திப்போம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி உரோமை நகரின் தொழுகைக்கூடத்திற்குச் சென்ற திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், யூத மக்களை நமது மூத்த சகோதரர்கள் என அழைத்தார். மூத்தோரிடம் கற்றுக்கொள்வது இளையோருக்கு இழுக்கன்று.

யூதர்களின் பொது வழிபாடு முழுமையாக நடைபெற வேண்டுமாயின் வயது வந்த பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். இதனை ‘மின்யான்’ என்பர். மரபுவழிச் சபைகள் ஆண்களை மட்டும் கணக்கிடும். வேறு சில பிரிவுகள் பெண்களையும் சேர்த்துக்கொள்ளும். ஒன்பது பேர் போதாது. தாயையோ தந்தையையோ இழந்த ஒருவர் பதினொரு மாதங்கள் சொல்லும் ‘கதீஷ்’ என்னும் இறைபுகழ்ச் செபத்தைக்கூடப் பத்தாமவர் வராமல் சொல்ல இயலாது. ஆகவே, குளிர்மிகுந்த விடியற்காலையில் நித்திரையைத் துறந்து வந்து நிற்பவர் பெரும் பணியாளரே. அவர் செய்வது வந்து நிற்பது மட்டுமே. ஆனால் அவர் வராவிடின், துயருறும் ஒருவருடைய செபம் நெஞ்சோடு நின்றுவிடும்.

இத்தகையோரை அச்சமூகம் முதலில் மதிப்பது செபத்தினாலாகும். ஓய்வுநாள் காலை வழிபாட்டில், திருச்சட்ட வாசகத்தின் பின்னர், சபைக்காக உழைப்போர்மீது ஆசி வேண்டும் மன்றாட்டு ஒன்று பல சபைகளில் இடம்பெறுகின்றது. விளக்கேற்றப் பொருள் தருவோர், ஓய்வுநாள் ஆசிக்குத் திராட்சை இரசம் அளிப்போர், வழிப்போக்கருக்கு அப்பமும் ஏழைகளுக்குத் தருமமும் வழங்குவோர், சபையின் தேவைகளை உண்மையுடன் கவனிப்போர் ஆகிய யாவரும் அதில் நினைவுகூரப்படுகின்றனர். எவருடைய பெயரும் அங்கே வாசிக்கப்படுவதில்லை. எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கும் இல்லை. விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவரும் பெருந்தொகை கொடுத்தவரும் ஒரே மன்றாட்டில் ஒன்றாக நிற்கின்றனர்.

இரண்டாவது, திருச்சட்டத்தின் மகிழ்ச்சி விழாவாகிய ‘சிம்ஹாத் தோரா’ நாளில் வழங்கப்படும் மதிப்பாகும். ஆண்டு முழுவதும் தொடர்ந்த ஐந்நூல் வாசகம் அன்றுதான் நிறைவுபெற்று, அன்றே மீண்டும் தொடங்குகின்றது. இணைச்சட்ட நூலின் இறுதிப் பகுதிக்கு அழைக்கப்படுபவர் ‘திருச்சட்டத்தின் மணமகன்’ எனவும், தொடக்கநூலின் முதற்பகுதிக்கு அழைக்கப்படுபவர் ‘தொடக்கத்தின் மணமகன்’ எனவும் பெயர் பெறுவர். சபைக்காக நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு இம்மதிப்பை அளிப்பது பல சபைகளின் வழக்கம். பெண்களையும் அழைக்கும் சபைகளில் அவர்கள் ‘மணமகள்’ எனப் போற்றப்படுகின்றனர். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மதிப்புப் பெற்றவர் விருந்துண்டு செல்வதில்லை. மரபின்படி அவரே சபையாருக்கு விருந்தளிக்கின்றார்! அவருக்குக் கிடைத்த பரிசு, இறைவார்த்தைக்கு அருகில் ஓர் இடம். அதைப் பெற்றதும் அவர் மீண்டும் கொடுக்கின்றார்.

மூன்றாவதே நம் உள்ளத்தை அதிகம் தொடுவது. யூத சபைகளில் ‘ஹெவ்ரா கடீஷா’, அதாவது ‘புனிதத் தோழமை’ எனப்படும் குழுக்கள் உள்ளன. இவர்கள் மரித்தோரை அடக்கத்திற்கு ஆயத்தம் செய்வோர். ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் உடலைக் கழுவி, நீர் வார்த்து, சட்டைப்பையற்ற எளிய வெள்ளைத் துணியை உடுத்துகின்றனர். செல்வருக்கும் வறியவருக்கும் ஒரே விதமான உடைதான். பணி முடிந்ததும், மரித்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, தாங்கள் அறியாமற் செய்த பிழை ஏதும் இருப்பின் மன்னிக்குமாறு வேண்டுகின்றனர். பிராக் நகரில் 1564ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இத்தகைய சங்கம், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் பணிகளை ஓவியத் தொடராக வரையச் செய்தது. அவை அந்நகரின் யூத அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன.

இப்பணியை யூதர்கள் ‘உண்மையான இரக்கம்’ என அழைப்பர். ஏனெனில், மரித்தவர் கைம்மாறு செய்ய மாட்டார். நன்றி கூறவும் மாட்டார். மோசே இறந்த நாளென மரபு கூறும் ஆதார் மாதம் 7ஆம் நாளைப் பல குழுக்கள் தமது நாளாகக் கொள்கின்றன. மோசேயை அடக்கம் செய்தவர் கடவுளே என்பது அவர்களது நம்பிக்கை (இச 34:6). அன்று பகலில் அவர்கள் நோன்பிருக்கின்றனர். மரித்தோரிடம் மன்னிப்புக் கேட்கின்றனர். பின்னரே விருந்தில் அமர்கின்றனர். மன்னிப்பில் தொடங்கும் பாராட்டு விழாவை நாம் வேறெங்கு கண்டிருக்கின்றோம்?

வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என ஆண்டவர் கற்பித்தாரே, அவ்வாறாயின் பணியாளரைப் போற்றுவது தகுமா என நீங்கள் வினவலாம். அந்த அறிவுரை கொடுப்பவருக்கு உரியது, பெறுபவருக்கு உரியதன்று. கொடுப்பவர் மறைந்திருக்க விரும்புவது தாழ்ச்சி. பெற்றவர் அதனைச் சாட்டாக வைத்து மௌனம் காப்பது நன்றி மறத்தல். யூத சபை இவ்விரண்டையும் பிரித்தறிந்துள்ளது. அது பணியாளரைப் புகழால் வீங்கச் செய்வதுமில்லை, மறந்துவிடுவதுமில்லை.

இதனை எழுதும்போது என் மனம் என்னையே குற்றஞ்சாட்டுகின்றது. பல ஆண்டுகளுக்கு முன்னர், ஆலயக் கதவை நாள்தோறும் விடியுமுன் திறந்துவந்த முதியவர் ஒருவருடைய அடக்கத் திருப்பலியில் அவரது பணியை நெடுநேரம் புகழ்ந்துரைத்தேன். முடிவில் அவருடைய துணைவியார் என்னிடம் வந்து, “சுவாமி, இதை அவர் இருக்கேக்க ஒருக்கால் சொல்லியிருக்கலாம்” என்றார். கோபமின்றிச் சொன்னார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. மரித்தோருக்குப் பணிசெய்வோரைக்கூட, அவர்கள் வாழும்போதே யூத சபை மதிக்கின்றது. வாழ்வோருக்குப் பணிசெய்தவரை நானோ மரித்த பின்னரே மதித்தேன்.

அன்பானவர்களே, இப்பாடம் நமக்கு அந்நியமானதன்று. பெந்தக்கோஸ்து நாளில் தன் விருந்தை விட்டெழுந்து, தெருவில் கிடந்த தன் இனத்தவரின் சடலத்தை எடுத்து அடக்கம் செய்தவர் தோபித்து. ஆண்டவரின் திருவுடலை யூதரின் அடக்க முறைப்படி துணிகளால் சுற்றிக் கல்லறையில் வைத்தவர்கள் அரிமத்தியா ஊர் யோசேப்பும் நிக்கதேமும். உயிரற்ற அவ்வுடல் அவ்வேளையில் அவர்களுக்கு நன்றி கூறவில்லை. ஆனால் நான்கு நற்செய்திகளும் யோசேப்பின் பெயரைக் காத்துவைத்துள்ளன.

ஆகவே, இவ்வாரம் உங்கள் குடும்ப செபத்தில், உங்களுக்காக ஓசையின்றி உழைக்கும் ஒருவரை நினைவுகூருங்கள். ஆலயத்தைப் பெருக்குபவராகவோ, மறைக்கல்வி கற்பிப்பவராகவோ, நோயாளியின் வீட்டுக்குத் தவறாது செல்பவராகவோ அவர் இருக்கலாம். செபம் முடிந்ததும் அவரிடம் சென்று ஒரு வார்த்தை கூறுங்கள். பொன்னாடை வேண்டாம், மேடை வேண்டாம். அவருடைய செவிகள் கேட்கும் காலத்திலேயே அவ்வார்த்தை அவரைச் சென்றடையட்டும்.

ஏட்டை வாங்கிய அந்தக் கரங்களை அறிந்திருக்கும் இறைவன், நம் நடுவே உழைக்கும் கரங்களையும் ஆசீர்வதிப்பாராக!