‘தேனிக்குக் கொண்டுபோங்க’

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. இனி தனியார் மருத்துவமனைகளும் கணக்குச் சொல்லியாக வேண்டும். நல்ல காரியம். ஆனால் கடிபட்டவருக்கு முதல் ஊசி எங்கே, எப்போது கிடைக்கிறது?

போன ஆடியில் சோளக்காட்டுக்கு ராத்தண்ணீர் பாய்ச்சப் போன என் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. கயிறு கொண்டு இறுக்கவில்லை, கீறவில்லை, மந்திரிக்கக் கூட்டிப்போகவில்லை. காலை ஆடாமல் குச்சி வைத்துக் கட்டி, நேரே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனோம். செவிலியர் மட்டுமே இருந்தார். ‘டாக்டர் இல்லைங்க, தேனிக்குக் கொண்டுபோங்க’ என்றார். போடியைத் தாண்டி, தேனியைத் தாண்டி, க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்து ஏறும்போது நள்ளிரவு கடந்துவிட்டது. பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பழுதாகிப் பல வாரம் டயாலிசிஸ்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டிய மருந்து என்று தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் விஷமுறிவு மருந்தும் இருக்கிறது. ஒவ்வாமை வந்தால் சமாளிக்கத் தெரிந்த மருத்துவர் இல்லாமல் அதை ஏற்ற முடியாது. அப்படியானால் இரவில் அது யாருக்காக? கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. தரையில் படுத்தவர் விடியும்போது கண்ணிமை தூக்க முடியாமல் கிடப்பார். அவருக்கு மூச்சு அடங்குமுன் க.விலக்கு போய்ச் சேர நேரம் இருக்குமா?

இன்னொன்று. எங்கள் பகுதிப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி கேரளத்தின் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். ஏலக்காய்ச் சரம் செடியின் தூரில்தான் படர்ந்து கிடக்கும். குனிந்து, சருகுக்குள் கைவிட்டுத்தான் பறிக்க வேண்டும். குழிவிரியன் படுத்திருப்பதும் அந்த ஈரச் சருகில்தான். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கே செய்யப்படுகிறது. குழிவிரியன் கடிக்கு அது கேட்பதில்லை. அங்கே காப்பது பூட்ஸும் கையுறையும், பறிக்குமுன் சருகை விலக்கிப் பார்க்க ஒரு கோலும்தான். இவர்களோ ரப்பர் செருப்போடு போகிறார்கள். கேரளத்தில் கடிபட்டுத் தமிழ்நாட்டு வீட்டில் வந்து விழுகிறவர் எந்த மாநிலக் கணக்கில் சேர்வார்?

மலையடிவாரச் சுகாதார நிலையங்களில் இரவுப் பணிக்கு மருத்துவரைப் போடுங்கள். முதல் தவணை மருந்தை அங்கேயே ஏற்றி, 108-இல் அனுப்புங்கள். தோட்ட முதலாளிகள் பூட்ஸும் கையுறையும் கொடுக்க இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் கட்டாயப்படுத்த வேண்டும். அடுத்த காயெடுப்புக்கு முன்பே இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொட்டிபுரம், தேனி மாவட்டம்.